ஆய்வகத்தை விட்டு பயோடெக் கம்பெனிக்கு: 33 வயதில் கியூசி (தரக் கட்டுப்பாடு) வேலையில் சேரலாமா?

தரமணி_புரதம்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பிஹெச்டி முடித்து மூன்று வருடம் ஆகிறது. பிஹெச்டி ஐந்தரை வருடம், அப்புறம் அதே கைடிடம் ஒரு புராஜெக்டில் ஆர்ஏ (ரிசர்ச் அசோசியேட்). காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றை ஈகோலை பாக்டீரியாவில் உண்டாக்கி, சுத்திகரித்து, நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று எலைசா என்ற சோதனையில் பார்ப்பதுதான் எட்டு வருடமாக என் வேலை. புராஜெக்ட் வரும் மார்ச் 31 அன்று முடிகிறது. நீட்டிப்பு வரும் என்கிறார்கள். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள், வந்தது, ஆனால் நடுவில் ஐந்து மாதம் சம்பளம் கிடையாது. புது ஆணை எந்தத் தேதியோ அதிலிருந்துதான் கணக்கு. அந்த ஐந்து மாதமும் நான் தினமும் லேபுக்குப் போனேன், நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகள் ஃப்ரீசரில் இருந்தன, விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

இப்போது பெங்களூருவில் பயோசிமிலர் (ஏற்கெனவே உள்ள உயிரியல் மருந்துக்கு நிகரான மருந்து) தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கியூசி, பயோஅசே பிரிவில் முதல் சுற்று முடிந்திருக்கிறது. சிடிசி, அதாவது கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 10 லட்சம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். கைடிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "கியூசிக்கு எம்எஸ்சி போதுமே அம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கணவருக்கு அம்பத்தூரில் வேலை, மகளுக்கு நான்கு வயது. அம்மா போனில் "இன்னும் எத்தனை வருஷம்டி படிப்பே" என்று கேட்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது, இப்போது கேட்பதே இல்லை. என் கேள்வி இதுதான்: எட்டு வருடம் செய்ததை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறேனா? போனவர்கள் சொல்லுங்கள்.

ஜீனோம்வேலி_சென்னைவாசி:

நான் போனவன். குரோம்பேட்டைதான் சொந்த ஊர், ஐதராபாத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு போஸ்ட்டாக் (பிஹெச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி).

சேர்ந்த நான்காவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு அது பயன்படும். ஹோஸ்ட் செல் புரோட்டீன் எலைசா ஒன்று. அதாவது மருந்தை உண்டாக்கும் சிஹெச்ஓ செல்லின் சொந்தப் புரதங்கள் மருந்தோடு ஒட்டிக்கொண்டு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) வந்திருக்கின்றன என்று பார்க்கும் சோதனை. எஸ்ஓபியில், அதாவது எழுதி வைத்த செய்முறையில், இன்குபேஷன் 60 நிமிடம். எனக்கு சிக்னல் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, 75 நிமிடம் விட்டேன், வளைவு அழகாக வந்தது. லேபில் இதைச் செய்திருந்தால் அடுத்த குரூப் மீட்டிங்கில் ஒரு ஸ்லைடாகப் போட்டிருப்பேன். இங்கே அது டீவியேஷன், செய்முறையை மீறியது. தர உறுதிப் பிரிவான கியூஏவிலிருந்து ஆள் வந்தார், விசாரணை, காரணம் கண்டுபிடி, இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறாய் என்று காபா எழுது, அது முடியும்வரை அந்த பேட்ச் நகராது. பதினெட்டு நாள் நகரவில்லை. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, 75 நிமிடம்தான் நல்லது என்று என்னிடம் டேட்டா இருக்கிறதே என்று.

என் மேலாளர் உட்கார வைத்துச் சொன்னார். இந்த முறை 60 நிமிடத்துக்குச் சரிபார்க்கப்பட்டது. வேறு ஆள், வேறு நாள், வேறு கருவி, எல்லாவற்றிலும் ஒரே விடை வருகிறதா என்று ஐசிஹெச் க்யூ2 வழிகாட்டுதல்படி பார்த்து, அந்த எண்ணை வைத்துத்தான் இது வரை பாதுகாப்பு, இதற்கு மேல் கூடாது என்று எல்லை போட்டிருக்கிறோம். நீ 75 வைத்தால் உன் விடை நன்றாக இருக்கலாம், ஆனால் அதைப் போன வருட பேட்ச்சோடு ஒப்பிட முடியாது. 75 நல்லது என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, சேஞ்ச் கன்ட்ரோல் (முறையை மாற்றக் கேட்கும் கோரிக்கை) போடு, நிரூபி, மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது. லேபில் நம்மிடம் கேட்கும் கேள்வி "இது புதுசா?" என்பது. இங்கே கேட்பது "நூறாவது பேட்ச்சிலும் இதுவே வருமா, நீ இல்லாத அன்றைக்கும் வருமா?" இரண்டும் அறிவியல் கேள்விதான். இரண்டாவதற்குப் பதில் சொல்ல நம் படிப்பில் யாரும் மார்க் போட்டதில்லை, அதனால் அது சின்னதாகத் தெரிகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் புரதத்தை எட்டு வருடத்தில் எத்தனை தடவை சுத்திகரித்தீர்கள்?

பழைய_போஸ்ட்டாக்:

மாற்றுக் கருத்தும் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், யாரையும் பயமுறுத்த இல்லை.

நான் போய் ஆறு வருடம் இருந்து திரும்பி வந்தவன். சம்பளம் பிரச்சினை இல்லை, மனிதர்களும் நல்லவர்கள். மூன்று வருடம் ஒரு மூலக்கூறில் வேலை செய்தோம். செல் லைன் தேர்வு, மீடியா, ஃபீட், 50 லிட்டர்வரை கொண்டுபோய்விட்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங்கில் அந்த புராஜெக்டை நிறுத்துகிறோம் என்றார்கள். அறிவியலில் ஒரு தப்பும் இல்லை. அதே மருந்தை வேறு இரண்டு பேர் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள், விலை இறங்கிவிட்டது, இனி போட்ட பணம் வராது. வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் எனக்கு அந்த மூன்று வருடத்தைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேச உரிமை இல்லை. பேப்பர் கிடையாது, போஸ்டர் கிடையாது. நம்மில் பலருக்கு நாம் என்ன கண்டுபிடித்தோம் என்று நாலு பேரிடம் சொல்வதே பாதி சம்பளம். அது இல்லாமல் வாழ முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. போனால் திரும்பி வரும் கதவு குறுகலாக இருக்கும். உதவிப் பேராசிரியர் நேர்காணலில் ஆறு வருடத்துக்கு என் பேப்பர் பட்டியல் காலி. அந்த ஆறு வருடத்தில் நான் கற்றதைக் கேட்க அந்த மேஜையில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பயோபிராசஸ் பாடத்தை என்னைப் போல நடத்த இங்கே ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆலத்தூர்க்காரன்:

தங்கச்சி, நான் எம்எஸ்சி. ஓஎம்ஆர் கடைசியில் ஆலத்தூர் எஸ்டேட்டில் தொடங்கி இருபது வருடமாகத் தொழிற்சாலைதான். ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் கைடு சொன்னது பாதி உண்மை. ரொட்டீன் கியூசிக்கு எம்எஸ்சி போதும். பிஹெச்டிக்காரர்களை அங்கே எடுக்க நான் தயங்குவேன், காரணம் வருபவர்களில் சிலர் எஸ்ஓபியைத் தனக்குக் கீழே என்று நினைக்கிறார்கள். நோட்டில் தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் காரணமும் எழுத வேண்டும், வெள்ளை மை கூடாது. டிஷ்யூ பேப்பரில் எடையைக் குறித்துவிட்டு அப்புறம் நோட்டில் ஏற்றக் கூடாது. இதை 24 வயதுப் பையன் உங்களுக்குச் சொல்லித் தருவான், நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அது முடியும் என்றால் வாருங்கள், முடியாது என்றால் வராதீர்கள், இரண்டு பேருக்கும் நல்லது.

மற்ற பாதியைச் சொல்கிறேன். பயோஅசே என்பது ரொட்டீன் இல்லை. செல்லை வைத்து மருந்தின் வீரியத்தை அளப்பது, செல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அங்கே காரணம் தேடத் தெரிந்த ஆள் வேண்டும். அதே கம்பெனியில் அனலிட்டிகல் டெவலப்மென்ட் என்று ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும், முறைகளை உருவாக்கி கியூசிக்குக் கைமாற்றுவது அவர்கள்தான். இரண்டாவது சுற்றில் அதைக் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பணம். 10 லட்சம் என்பதைப் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். வேரியபிள், அதாவது வேலையைப் பார்த்துத் தரும் நிலையில்லாத பகுதி, 1 லட்சம், அடிப்படைச் சம்பளம் 4 லட்சம் என்று வைப்போம். கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 48 ஆயிரம். கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 19 ஆயிரம் சொச்சம், அதுவும் ஐந்து வருடம் இருந்தால்தான். இதெல்லாம் போக மாதம் 69 ஆயிரம், உங்கள் பங்கு பிஎஃப் 4 ஆயிரத்தைக் கழித்தால் கைக்கு 65 ஆயிரம். இப்போது எவ்வளவு வருகிறது?

கிண்டி_காப்புரிமை:

சென்னையை விட்டுப் போக முடியாத சூழல் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, ஏனோ யாரும் சொல்வதில்லை. நான் தாவர மூலக்கூறு உயிரியலில் பிஹெச்டி, இப்போது காப்புரிமை முகவர். தென்மாநிலங்கள் முழுவதற்குமான காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. முகவர் தேர்வு எழுத அறிவியல் பட்டம் போதும், சட்டப் படிப்பு தேவையில்லை. இரண்டு தாள், அப்புறம் வாய்மொழித் தேர்வு, ஒவ்வொரு தாளிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம் வாங்க வேண்டும். நாள் முழுக்க மற்றவர்களின் கண்டுபிடிப்பைப் படித்து, இது எங்கே புதுசு, எங்கே இல்லை என்று பிரிக்கும் வேலை. ஆய்வுக் கட்டுரையைக் கிழித்துப் படிக்கப் பழகியவர்களுக்கு இது கைவந்துவிடும். பைபெட்டைத் தொடாமல் இருக்க முடியுமா என்பது ஒன்றுதான் கேள்வி. எனக்கு முதல் வருடம் கஷ்டமாக இருந்தது.

இதே நகரத்தில் பார்மகோவிஜிலன்ஸ் (மருந்துகளின் பக்கவிளைவுக் கண்காணிப்பு), ரெகுலேட்டரி, மெடிக்கல் ரைட்டிங் வேலைகளும் இருக்கின்றன. 2022-இல் ஐஐடி ரிசர்ச் பார்க்கில் ஃபைசர் மருந்து மேம்பாட்டு மையம் தொடங்கியது, ஆஸ்ட்ராஜெனிகாவின் பெரிய மையமும் தரமணியில்தான். பெங்களூரு ஒன்றுதான் வழி என்று இல்லை.

ஒரு வேண்டுகோள், இந்தப் பக்கம் வராதவர்களுக்கும் சேர்த்து. வெளியில் சொல்வதற்கு முன் ஃபைல் செய்யுங்கள். கான்ஃபரன்ஸில் போஸ்டர் ஒட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள், அவர்களுடைய சொந்த போஸ்டரே அவர்களுக்கு எதிராக நிற்கிறது, பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. நம் ஊர்ச் செடியையோ நுண்ணுயிரையோ வைத்துச் செய்தது என்றால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையும் சேரும். ஆணையம் தரமணி டைசல் பூங்காவிலேயே இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.

வேளச்சேரி_விதை:

வேலைக்கே ஏன் போக வேண்டும்? சொந்தமாகத் தொடங்கலாமே. திருத்தணிப் பக்கம் பிறந்த கிருஷ்ணா எல்லா அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வை விட்டுவிட்டு வந்து 1996-இல் பாரத் பயோடெக் தொடங்கவில்லையா? பயோடெக் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் மானியம் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. பங்கு கேட்க மாட்டார்கள், திருப்பித் தர வேண்டாம். சிறுசேரியில் பெண்களுக்கென்றே பயோடெக் பூங்கா இருக்கிறது. காசநோய் எலைசா கையில் வைத்துக்கொண்டு கியூசிக்குப் போவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜீனோம்வேலி_சென்னைவாசி:

விதை, நீங்கள் அக்கறையோடு சொல்வது புரிகிறது. ஆனால் நான்கு வயதுக் குழந்தையோடு ஐந்து மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தவரிடம் அந்த உதாரணத்தைச் சொல்லாதீர்கள். அந்த எலைசாவின் உரிமை அவருடைய நிறுவனத்திடம் இருக்கும், முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதோடு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோய் கண்டுபிடிக்கும் வணிகக் கிட்களை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது, நம் அரசும் 2012-இல் தடை செய்தது. ஆய்வாக அவர் செய்வதற்கு மதிப்பு இருக்கிறது, ஆனால் அதை ஒரு கிட்டாக விற்கத் தொடங்குவது என்பது வேறு.

ஐதராபாத் உதாரணம் என்றால் நான் சாந்தா பயோடெக்னிக்ஸைச் சொல்வேன். தொடங்கியவர் வரப்பிரசாத் ரெட்டி, எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர், உயிரியல் படித்தவரே இல்லை. வேலை முதலில் உஸ்மானியாவிலும் அப்புறம் சிசிஎம்பி என்ற அரசு உயிரியல் ஆய்வு மையத்திலும் இடம் வாங்கி நடந்தது, 1997-இல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வந்தது. அதைச் செய்தவர்கள் நம்மைப் போல லேபிலிருந்து போனவர்கள். ஈஸ்ட்டில் அந்தப் புரதத்தை ஒரு தடவை வர வைப்பது ஒரு தீசிஸ். குழந்தைகளுக்குப் போடும் அளவுக்கு ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே புரதம் வர வைக்க எத்தனை பேர் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் எதுவும் நமக்குத் தெரியாது. "எம்எஸ்சி போதுமே" என்று சொல்லும்போது நான் அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எத்தனை தடவை?

தரமணி_புரதம்:

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, மகளுக்குக் காய்ச்சல்.

ஆலத்தூர் அண்ணா, இப்போது 58 ஆயிரமும் வாடகைப் படியும் சேர்த்து 75 ஆயிரம் வருகிறது. அதாவது போனால் கைக்கு 10 ஆயிரம் குறைகிறது, பெங்களூரு வாடகை தனி. இதை நான் கணக்குப் போட்டே பார்க்கவில்லை, கம்பெனி என்றால் கூட வரும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜீனோம்வேலி அண்ணா, நேற்று ராத்திரி எடுத்து எண்ணினேன். 143. நான் முதல் வருடத்திலிருந்தே ஒரு எக்ஸெல் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எத்தனை லிட்டர் கல்ச்சர், புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் ரெசின் எது, அது எத்தனையாவது உபயோகம், எத்தனை மில்லிகிராம், தூய்மை எவ்வளவு என்று. யாரும் கேட்கவில்லை, பழக்கமாகிவிட்டது. அதில் 19 தடவை உருப்படவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன். தீசிஸில் இந்த 143-உம் "நிக்கல் ரெசினில் சுத்திகரிக்கப்பட்டது" என்று ஒரே வரி.

பழைய போஸ்ட்டாக் சார், நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நாலு பேரிடம் சொல்வதே பாதி சம்பளம் என்றது எனக்கும் பொருந்தும். அதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை.

ஆலத்தூர்க்காரன்:

75 ஆயிரம் என்று சொல்லாதீர்கள். ஐந்து மாதம் வராத வருடத்தை எடுத்துக்கொண்டால் ஏழு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும், 44 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவுதான். பிஎஃப் கிடையாது, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. அப்படி வைத்துப் பாருங்கள். ஆனால் 10 லட்சத்துக்கும் சம்மதிக்காதீர்கள், வேரியபிள் இல்லாமல் நிலையான தொகையாகக் கேளுங்கள். பதவிப் பெயர் என்ன, யாருக்குக் கீழே, ஷிஃப்ட் உண்டா, பாண்ட் உண்டா, நோட்டீஸ் 90 நாளா, எல்லாம் எழுத்தில்.

அந்த எக்ஸெலைக் கைடிடம் அனுமதி கேட்டு, புரதத்தின் பெயரையும் முடிவுகளையும் எடுத்துவிட்டு, வெறும் எண்களாக இரண்டாவது சுற்றுக்குக் கொண்டுபோங்கள். இருபது வருடத்தில் என் முன்னால் உட்கார்ந்த ஒரு பிஹெச்டிகூடத் தோற்ற 19-ஐ எழுதி வைத்தவர் இல்லை.

பழைய_போஸ்ட்டாக்:

143 என்றதும் என் பேச்சை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இந்த வேலை பிடிக்கும் என்றே தோன்றுகிறது. எனக்கு அந்தப் பொறுமை எப்போதும் இருந்ததில்லை, ஒன்று வேலை செய்துவிட்டால் அடுத்ததற்குத் தாவிவிடுவேன். நிலுவையில் பேப்பர் ஏதாவது இருந்தால் சேருவதற்கு முன் அனுப்பிவிடுங்கள். சேர்ந்தபின் எழுதுவேன் என்று நானும்தான் சொன்னேன், அது இன்னும் என் லேப்டாப்பில் கிடக்கிறது.

தரமணி_புரதம்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் போட முடியாததால் இங்கேயே.

இரண்டாவது சுற்றில் மூன்று பேர். பேப்பர்களைப் பற்றிப் பத்து நிமிடம். அப்புறம் எக்ஸெலைக் காட்டினேன், ஒன்றே கால் மணி நேரம் அதிலேயே போனது. கிளம்புவதற்கு முன் அதை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, ரெசினை ஆறாவது தடவைக்கு மேல் உபயோகித்தபோதெல்லாம் அளவு இறங்கியிருக்கிறது. வருடக்கணக்காக கல்ச்சரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் ஒருவர், இதைத் தெரிந்துகொள்ள இன்னும் என்ன சோதனை செய்வீர்கள் என்று கேட்டார். பேசிக்கொண்டே இருந்தோம். எட்டு வருடத்தில் அந்த 143 தடவையைப் பற்றி யாரோ என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை. வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தபோது அழுதுவிட்டேன்.

கியூசி இல்லை, அனலிட்டிகல் டெவலப்மென்டில் சயின்டிஸ்ட், முறைகளைக் கியூசிக்குக் கைமாற்றும் குழு. நிலையான தொகை 10.8 லட்சம், பாண்ட் இல்லை, நோட்டீஸ் 90 நாள். ஏப்ரல் இரண்டாவது வாரம் சேர்கிறேன். கணவர் ஆறு மாதம் இங்கேயே இருந்து மாற்றல் பார்க்கிறார், அதுவரை அம்மா என்னோடு வருகிறாள்.

கைடிடம் எழுத்தில் கொடுத்தேன். வாழ்த்துகள் என்றார், கொஞ்சம் இறுக்கமாகத்தான். மறுநாள் கூப்பிட்டு, அந்த எக்ஸெலைப் புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ, இனி லேபில் எல்லாரும் அப்படியே எழுதட்டும் என்றார். பேப்பர் ஒன்று பாக்கி இருந்தது, போன வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டோம். இப்போது ஃப்ரீசரில் இருக்கும் மாதிரிகளைப் பெட்டி பெட்டியாகப் பட்டியல் போட்டு ஒப்படைத்துக்கொண்டிருக்கிறேன், 62 பெட்டியில் 40 முடிந்தது.

கம்பெனி பெங்களூருவில் ஓசூர் சாலைப் பக்கம். வீடு எங்கே பார்ப்பது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆலத்தூர்க்காரன்:

ஓசூரிலேயே பாருங்கள் தங்கச்சி. வாடகை குறைவு, பாப்பாவுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளியே கிடைக்கும், அம்மாவுக்கும் கடை கண்ணியில் பேச்சுத் துணை இருக்கும். அந்தப் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் பல ஓசூர் வரை வந்து போகின்றன. உங்கள் கம்பெனியில் உண்டா, காலை எத்தனை மணிக்கு, கடைசி நிறுத்தம் எது என்று ஹெச்ஆரிடம் கேட்டுவிட்டு அதன் பக்கத்தில் வீடு எடுங்கள். என் மச்சான் அங்கேதான் இருக்கிறான், தனிச் செய்தியில் வாருங்கள், பேசச் சொல்கிறேன்.